அம்மா அனுப்பிய வெறுங்கார்டு

என் பெயரை யாராவது சற்று உரக்கச் சொல்லிக் கூப்பிட்டால், இத்தனை வயதான பிறகும், எனக்கு முதலில் தபால் ஞாபகம்தான் வரும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டாலும் சரி, ரேஷன் கடையில் கூப்பிட்டாலும் சரி, என்னையறியாமல் கை நீண்டுவிடும். மருந்துச் சீட்டை வாங்கிய பிறகு, அட இதுதானா என்று ஒரு சின்ன ஏமாற்றம். இந்த வியாதி எனக்குப் பத்து வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிடித்தது.

ஹிட்லர் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருடம் அது. அப்பா விஷக்காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ராஜபாளையம் பக்கம் சோழபுரத்து வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா காட்டு வேலைக்குப் போவாள். களை எடுப்பு, பருத்தி எடுப்பு, எது கிடைக்கிறதோ அது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வேதக் கோவிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துவிடக் கூடாதே என்று, அட்டையில் கிழிந்த மூலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை அடையாளம் வைத்திருந்தாள். புத்தகம் சும்மா கையில் இருக்கும். பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

எங்கள் ஊர்ச் சின்னக் கோவிலில் ஆராதனை நடத்த உபதேசியார் ஒருவர் இருந்தார். இந்தப் பிள்ளைக்கு எழுத்து நன்றாக வருகிறது, இதைக் காட்டுக்கு அனுப்பிக் கெடுத்துவிடாதே என்று அம்மாவிடம் சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்து போர்டிங்கில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். என் எழுத்து அப்படி நன்றாக வந்திருக்கவே வேண்டாம் என்று அடுத்த மூன்று மாதத்தில் பல தடவை நினைத்தேன்.

என்னைக் கொண்டுபோய் விடும் பொறுப்பு மாமாவுக்கு. அம்மாவின் தம்பி, ராஜபாளையத்தில் சைக்கிள் கடையில் வேலை. நல்ல மனிதர். சொன்ன வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்வார். உப்பு வாங்கப் போனால் கருப்பட்டியும் ஊர்க்கதையும் கொண்டுவருவார், உப்பு மட்டும் வராது. அப்படிப்பட்டவரை நம்பித்தான் அம்மா நான் கிளம்பிய அன்றைக்கு மாட்டு வண்டிப் பக்கத்தில் தனியாக நிறுத்தி, வெகுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நானோ வண்டிக்குள் அழுதுகொண்டிருந்ததால் எதுவும் காதில் விழவில்லை.

அம்மா ராஜபாளையம் வரைகூட வரவில்லை. வந்தால் திரும்பிப் போக மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி கிளம்பியதும் முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கலாம் என்று எனக்குக் கோபம்.

"அம்மா என்ன சொன்னா மாமா?" என்று ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் கேட்டேன்.

"ஒழுங்கா படிக்கணும்னு சொன்னா. வேற என்ன சொல்லப் போறா?" என்றார். அதற்குள் கண்டக்டரோடு அவருக்கு ஒரு வாதம் தொடங்கிவிட்டது. பஸ்ஸின் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை எனக்கு இரண்டு தடவை விளக்கினார். ஊருக்கு முன்னாலேயே மடவார் வளாகத்தில் இறங்கிக்கொள்ள வேண்டிய ஒருவர், இவர் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே ஊருக்குள் வந்துவிட்டார். போர்டிங் வாசலில் எனக்கு இலையில் பால்கோவா வாங்கிக் கொடுத்து, தலையைத் தடவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா போய்விட்டார். அம்மா சொல்லியனுப்பிய செய்தியும் அவரோடே திரும்பிப் போய்விட்டது.

மற்றப் பிள்ளைகள் ஜூன் மாதமே சேர்ந்தவர்கள். நான் காலாண்டுப் பரீட்சை முடிந்து சேர்ந்தவள். அதற்குள் எல்லோருக்கும் கூட்டாளி கிடைத்துவிட்டிருந்தது. பாய் விரிக்கும் இடம், தட்டு வைக்கும் இடம், கிணற்றடியில் நிற்கும் வரிசை எல்லாம் முடிவாகிவிட்டிருந்தன. எனக்குக் கிடைத்தது கதவோரம். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் கஞ்சி. நாள் முழுவதும் அறுபது பிள்ளைகள் நடுவில் இருந்துகொண்டு ஒருத்தியிடமும் பேசாமல் இருக்க முடியும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு அரைநாள் பயணம்தான். ஆனால் பத்து வயதில் அது சீமைக்குப் போகிற தூரம்.

வாரத்தில் இரண்டு நாள் எனக்கு மிகவும் கஷ்டமான நாள். ஒன்று ஞாயிறு. கோவில் முடிந்து சாப்பாடானதும் பிள்ளைகள் வீட்டுக்குக் கார்டு எழுதும் நேரம். ஊரிலிருந்து வரும்போதே பலரும் கார்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என்னிடம் ஒன்றும் கிடையாது. நான் சிலேட்டில் பூப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை, எங்களைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் அம்மா, "நீ எழுதலையா?" என்று கேட்டார்கள். கார்டு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "எங்க அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பாவம், அறுபது பிள்ளைகளுக்குப் பேன் பார்க்க வேண்டியவர்கள். சரி என்று போய்விட்டார்கள்.

இன்னொன்று சனிக்கிழமை. மத்தியானம் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். மேட்ரன் அம்மா அந்த வாரத்துத் தபாலை முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் வந்தவள் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வரும் நடையே தனி. அறுபது பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் தபால் வரும் என்பதால் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கடிதம் வந்தவள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். ஒரு வரி விடக் கூடாது. வாசிக்கிறவளுக்கு மரத்து வேரில் உட்காரும் உரிமை உண்டு. மற்றவர்கள் அவளுக்குச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார்கள். யாருடைய அண்ணனுக்கோ பெண் பார்த்தது, யாருடைய வீட்டுக் கூரையோ காற்றில் போனது எல்லாம் எங்கள் எல்லோருக்கும் வந்த செய்தி.

நான் சேர்ந்த இரண்டாவது சனிக்கிழமை என் பெயர் வந்தது.

மேட்ரன் அம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று எனக்கு உறைத்தது. எழுந்து போனேன். கார்டு இல்லை, கவர்! மேலே உபதேசியாரின் குண்டு குண்டான எழுத்தில் என் பெயர், அப்பா பெயர், போர்டிங், ஊர் எல்லாம். என் பெயரை மையில் எழுதி நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குள்ளேயே வேரில் எனக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஒருத்தி சீப்போடு பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். கவரைப் பிரித்தேன். உள்ளே ஒரு தபால் கார்டு இருந்தது. ராஜா தலை போட்ட புதுக் கார்டு. அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் வெறுமைதான்.

"வாசிட்டி" என்றார்கள்.

என்ன செய்வேன்? ஒன்றும் எழுதவில்லை என்று காட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பதை நான் தாங்கியிருப்பேன். அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான் பொறுக்கவில்லை. கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். "பிரியமான மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. தேவகிருபையால் இங்கு யாவரும் சுகம்." இதுவரை சிரமமில்லை, எல்லோர் வீட்டுக் கடிதமும் இப்படித்தான் தொடங்கும். யாவரும் என்று சொல்ல எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான் இருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாதே. பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், எங்கள் வீட்டுச் சிவப்புக் கோழி பதினொரு குஞ்சு பொரித்திருப்பதாக வாசித்தேன். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. குஞ்சுகளில் ஒன்று மட்டும் தாயோடு சேராமல் கதவோரத்திலேயே நிற்பதாகவும், அம்மா அதைத் தினமும் மடியில் வைத்துக்கொண்டு கஞ்சி குடிப்பதாகவும் சேர்த்துக்கொண்டேன். "உன் சுகத்துக்கு உடனே பதில் போடவும். இப்படிக்கு, அம்மா" என்று முடித்தபோது பின்னால் இருந்தவள் பின்னலை முடித்து ரிப்பனும் கட்டிவிட்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அங்கே முதல் தடவையாக யாரோ என்னிடம் வலிய வந்து ஒன்று கேட்டார்கள். அந்தக் கதவோரக் குஞ்சுக்கு என்ன பெயர் என்று.

யாராவது கார்டை வாங்கிப் பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே என்று, குளிக்கும் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பென்சிலால் நான் வாசித்ததையெல்லாம் அதில் எழுதி வைத்தேன். என் எழுத்து என்று தெரியாமலிருக்க எழுத்தைச் சாய்த்து எழுதினேன். யாராவது கேட்டால் உபதேசியார் வீட்டம்மா எழுதிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

அம்மா ஏன் வெறுங்கார்டை அனுப்பினாள் என்று யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தேன். எழுதத் தெரியாதவர்கள் இப்படித்தான் கடிதம் போடுவார்கள் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். தபாலாபீஸில் கார்டும் வாங்கியிருக்கிறாள், கவரும் வாங்கியிருக்கிறாள். எது வேண்டும் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். பாவம் அம்மா என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அம்மாவைப் பாவம் என்று நினைக்க வெகுநாள் பிடிப்பதில்லை.

அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் கவர் வந்தது. எல்லாக் கவரிலும் வெறுங்கார்டு. நானும் தேறிவிட்டேன். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொன்னவள், பிறகு வாரம் முழுவதும் பொய்யை யோசித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வகுப்பில் கணக்குப் போடும்போது அம்மா என்ன எழுதுவாள் என்று யோசனை ஓடும். கடிதத்து அம்மா நிறையப் பேசினாள். என் தங்கமே, என் ராசாத்தி என்றாள். ராத்திரி உன்னை நினைத்துக்கொண்டு தூக்கம் பிடிக்கவில்லை என்றாள். நிஜ அம்மா என்னை ஏட்டி என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. கோபத்திலும் ஏட்டிதான், பிரியத்திலும் ஏட்டிதான். கடிதத்து அம்மாவோடு பழகப் பழக, நிஜ அம்மாவின் குரல் எப்படியிருக்கும் என்பது சில நாள் மறந்துபோய்விடும். அப்போது பயமாக இருக்கும். பாயில் படுத்துக்கொண்டு, ஏட்டி, ஏட்டி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ராஜபாளையத்து மில் குமாஸ்தா ஒருவரின் மகள் எங்களோடு இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் எல்லோரிலும் நீளமான கடிதம் அவளுக்குத்தான் வரும். அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு, அப்பா கடிதம் எழுதுவது தமிழ். திட்டு இரண்டிலும் ஒன்றுதான் என்பாள். உன் சென்ற கடிதத்தில் ஏழு பிழைகள் என்று தொடங்கி, ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதியிருப்பார். அவள் அதைச் சட்டப்படி ஒரு வரி விடாமல், கடகடவென்று வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். பின்னல்கூடப் போட்டுக்கொள்ள மாட்டாள்.

நவம்பர் மழையில் ஒரு நாள் கிணற்றடியில் என்னை மடக்கினாள். "உங்க அம்மா கார்டுல இருக்கது உன் எழுத்துதான?" என்றாள். பொய் சொன்னதற்கு மேட்ரன் அம்மாவிடம் முட்டி போட வேண்டியது ஒரு பக்கம். மரத்தடியில் இனி யார் முகத்தில் விழிப்பது என்பது இன்னொரு பக்கம். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எங்க அப்பா எழுதுன மாதிரி எனக்கு ஒண்ணு எழுதித் தாட்டி" என்றாள்.

"என்ன எழுதணும்?"

"பிழையப் பத்தி ஒண்ணும் எழுதாத. அம்புட்டுதான்" என்றாள்.

அந்த வாரத்து அம்மாவின் கார்டில் ராஜபாளையத்து அப்பாவை எழுதிக் கொடுத்தேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது, மில்லில் சங்கு ஊதும்போதெல்லாம் நீ ஓடி வந்து வாசலில் நிற்பது ஞாபகம் வருகிறது என்று எழுதினேன். அவள் அதை மரத்தடியில் வாசிக்கவில்லை. வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வாரம் என் கவரை நான் பிரிக்கும்போது அதில் கார்டே இல்லை என்றும், தபாலில் எங்கோ விழுந்துவிட்டது என்றும் மற்றவர்களிடம் அவளே எனக்காகப் பொய் சொன்னாள். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது எத்தனையோ வருடம் கழித்து. அம்மாவை அடக்கம் செய்து வந்த அன்றைக்கு, வந்தவர்களெல்லாம் போன பிறகு, நானும் மாமாவும் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். போர்டிங்கில் வெறுங்கார்டு வந்த கதையை நான் சொன்னேன். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். மாமா முதலில் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார்.

"ஏத்தா, அது நீ எழுதிப் போடுததுக்குல்ல அனுப்புனா எங்கக்கா! நான் உங்கிட்ட சொல்லலையா?"

வண்டிப் பக்கத்தில் அம்மா விரல் மடக்கிச் சொன்னது அதுதான். மொத்தமாகக் கார்டு கொடுத்தால் பிள்ளை தொலைத்துவிடுவாள். அதனால் உபதேசியாரிடம் ஒரே தடவையில் பன்னிரண்டு கவருக்கு விலாசம் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். வாரா வாரம் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு கார்டு உள்ளே வைத்து அனுப்புகிறேன். அவள் தன் செய்தியை அதில் எழுதி எனக்குப் போடட்டும். உபதேசியார் வீட்டம்மா வாசித்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்லித் தபால் கொடுத்தால் பிள்ளைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

எங்கள் ஊருக்குத் தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். அந்த இரண்டு நாளும் அம்மா களை எடுக்கும் இடத்திலிருந்து உபதேசியார் வீட்டுக்கு வந்து, மண் கையோடு வாசலில் நின்று, கடிதம் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனாளாம். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, மூன்று மாதம். கொண்டுபோய் விட்டதற்குப் பிள்ளைக்கு என் மேல் கோபம், அதனால்தான் எழுத மாட்டேன் என்கிறாள் என்று மாமாவிடம் சொன்னாளாம். மாமாவும் ஆறுதல் சொன்னாராம். அப்போதுகூடத் தான் சொல்ல மறந்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. கோபக்காரப் பிள்ளைக்கு அம்மா ஒரு வாரம் தவறாமல் கார்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து போகும்போது கார்டுகளை மொத்தமாகவே, உபதேசியாரிடம் வீட்டு விலாசம் எழுதி வாங்கி, என் பெட்டியில் வைத்தாள். நானும் ஒழுங்காக எழுதிப் போட்டேன். முந்தின தடவை மட்டும் ஏன் அப்படி வெறுமையாக வந்தன என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எழுதத் தெரியாததைச் சொல்லிக்காட்டி அம்மாவை ஏன் வருத்தப்படுத்த வேண்டும் என்று பெரிய மனுஷி மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்ததைச் சொல்கிறேன். அம்மா மெலிந்திருந்தாள். வாசலில் நின்றவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. "வயித்துக்குப் போட்டாகளா?" என்று கேட்டுவிட்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கடிதத்து அம்மாவாக இருந்தால் ஓடிவந்து தூக்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்று இப்போது எழுதவே கூசுகிறது.

மறுநாள் காலையில் என் துணிகளைத் துவைக்க எடுத்தபோது, பெட்டிக்கு அடியில் நாடாவால் கட்டி வைத்திருந்த கார்டுகள் அம்மா கையில் அகப்பட்டன. மொத்தம் ஒன்பது. நான் அடுப்படியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அப்பா போனதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எழுதித்தான் வச்சிருக்கியா? போடத் தெரியலையாக்கும்?" என்றாள். "சரி, வா. இங்க உக்காந்து வாசி."

நான் சொன்ன பொய்யெல்லாம் அதில் இருக்கிறதே. வாசிக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா விடவில்லை. பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் முதல் கார்டை எடுத்தேன்.

"பிரியமான மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது..."

"அம்மாவா? எந்த அம்மா?"

"நீதான்."

அவள் வாசி என்பதுபோலத் தலையை அசைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தேன். கோழியையும் பதினொரு குஞ்சையும் வாசித்தேன். தங்கமே, ராசாத்தி என்று வந்த இடங்களைச் சத்தம் குறைத்து வேகமாகத் தாண்டப் பார்த்தேன். அந்த இடங்களில் அம்மா என் முழங்காலில் கையை வைத்து நிறுத்தி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். ஒன்பது கார்டையும் கேட்டு முடிக்கும்வரை அவள் பார்வை எதிர்ச் சுவரிலேயே இருந்தது. துவைக்க எடுத்த துணி வாசலில் அப்படியே கிடந்தது.

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"எல்லாத்துலயும் கடைசில பதில் போடச் சொல்லியிருக்கே" என்றாள். "போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

இதற்குக்கூடக் காரணம் தெரியாதா என்றிருந்தது எனக்கு. கோபமாகவே சொன்னேன்.

"நான் எதுல எழுத? எங்கிட்ட கார்டு ஏது?"

ஒன்பது கார்டும் என் மடியில்தான் கிடந்தன. அம்மா அவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள் என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டாள். அப்புறம் என் தலையைத் தன் பக்கம் இழுத்து, கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"ஆமா, கார்டுக்கு நீ எங்க போவ" என்றாள்.

பிறகு, அந்தக் கதவோரக் குஞ்சு வருகிற கார்டு எது என்று கேட்டு, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். நான் பயம் தெளிந்து, மரத்தடியில் வாசிப்பதுபோலக் குரலை நன்றாக எடுத்து வாசித்தேன். பாதியில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் கோழிக் கதை அம்மாவையே இப்படிச் சிரிக்க வைத்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை. இன்னும் சத்தமாக வாசித்தேன்.